கலைவாணிக்கு வலித்தது

"ஆன்ட்டி, உங்க காலத்துல பேச முடியாத பிள்ளைங்களோட வலிய எப்படி அளந்தீங்க?"

போன மாதம் ஒரு பெண் வீட்டுக்கு வந்து இப்படிக் கேட்டாள். நான் வாழ்நாளெல்லாம் பார்த்த அதே பிசியோதெரப்பி வேலைக்கு இப்போதுதான் வந்திருப்பவள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு பயிற்சி நடத்துகிறார்களாம், பழைய ஆட்களின் அனுபவம் கொஞ்சம் எழுதித் தர வேண்டுமாம். பிள்ளையின் முகம், கால், அழுகை எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை இப்போது வந்துவிட்டது என்று கைப்பேசியில் காட்டினாள். நல்ல முறைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவளுக்கு நான் சொன்ன பதில் இது: நாங்கள் அளக்கவில்லை அம்மா. அளப்பதற்கு முதலில் அப்படி ஒன்று இருப்பதாக ஒத்துக்கொள்ள வேண்டும். எண்பதுகளில் எங்கள் மாவட்டத்தில் அதை ஒத்துக்கொள்ளவே ஆளில்லை. "இந்த மாதிரிப் பிள்ளைங்க அழத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். டாக்டரும் அதைத்தான் சொல்வார், தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் அதைத்தான் சொல்வாள்.

வயதானால் கோபம் ஆறிப்போகும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இனிய நினைவுகளைத் தேடுகிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

நான் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கோலாலம்பூரில் பயிற்சி கிடைத்தது. எலும்பு, தசை, நரம்பு என்று எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்தேன். பெருமூளை வாதத்தைப் பற்றிய பாடத்தில் விறைப்பு இருந்தது, நடை இருந்தது, கையைக் காலை நீட்டி மடக்கும் முறை இருந்தது. வலி என்ற சொல் அந்தப் பாடத்தில் ஓரிடத்திலும் இல்லை. அப்படிப் படித்து முடித்துத்தான் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் புவான் சலேஹா; புவான் என்றால் மலாயில் திருமதி. நாற்பதைக் கடந்தவர், ஒல்லியான உடம்பு, குரலை உயர்த்தவே மாட்டார். பிள்ளைகளைப் பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் பேச்சுக் கொடுப்பார். குளிர்ந்த கை பட்டாலே விறைத்த தசை இன்னும் விறைக்கும் என்பார். பிள்ளையை அவர் தூக்க மாட்டார். அம்மாவையே தூக்கச் சொல்வார், சட்டையைக் கழற்றச் சொல்வார், துணி மாற்றச் சொல்வார். அப்போது பிள்ளையைப் பார்க்காமல் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எந்த இடத்தில் இவள் கை மெதுவாகிறது, பார்த்தாயா?" என்று என்னிடம் மலாயில் கேட்பார். "அங்கேதான் ஏதோ இருக்கிறது. அவளுக்கே தெரியாமல் அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது."

பிறகு தொடுவார். வலிக்கும் என்று சந்தேகப்படுகிற இடத்தைக் கடைசியில்தான் தொடுவார்.

ஒரு முறை பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு மீனவர் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் சில நாளாகச் சாப்பிடவில்லை, தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான், பேய் பிடித்துவிட்டது என்று வீட்டில் பயந்துபோயிருந்தார்கள். எங்களுக்கு முன்பு அவனைப் பார்த்தவர்கள் எல்லாம் அவன் மூளையைப் பற்றியே பேசியிருந்தார்கள். புவான் சலேஹா காலிலிருந்து தொடங்கி மேலே மேலே வந்து கடைசியில் அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். பின்பக்கக் கடைவாய்ப் பல் அழுகி ஓட்டை விழுந்திருந்தது. பல்லைப் பிடுங்கியதும் பேய் போய்விட்டது.

"எனக்கும் உனக்கும் பல் வலித்தால் அது பல் வலி. இவனுக்கு வலித்தால் மட்டும் மூளைக் கோளாறா?" என்றார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை அழுதாலும் பல், காது, வயிறு, மலச்சிக்கல், காலணி, இடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் நான் விட்டதில்லை.

கலைவாணியை நாங்கள் கண்டது ஒரு ரப்பர் தோட்டத்தில். மருத்துவமனை வண்டியில் அவ்வப்போது தோட்டங்களுக்குப் போவோம். அங்கே ஆயாக் கொட்டகை இருக்கும். காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. கடைசித் தொட்டிலுக்குப் பின்னால், சுவரோரமாக, கோணியின் மேல் ஒரு பெண் பிள்ளை படுத்திருந்தாள். கைக்குழந்தை இல்லை, பத்து வயதுப் பெண். இரண்டு முழங்காலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கண் பாதி மூடியிருந்தது, வாயில் எச்சில் ஒழுகியது.

"தூங்குது மிஸ்ஸி. மருந்து குடுத்திருக்கு" என்றாள் ஆயா. எங்களை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், தாதிக்கும் எங்களுக்கும் அவர்களுக்கு வித்தியாசமில்லை.

"என்ன மருந்து?"

"டிரெசர் குடுக்கிற தண்ணி மருந்துதான். இல்லாட்டி கத்திக்கிட்டே கெடக்கும்."

டிரெசர் என்றால் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர். போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தலையைச் சொறிந்துகொண்டே நின்றார்.

"நான் என்ன மிஸ்ஸி பண்றது? அது ஒண்ணு அழுதா கொட்டகையில இருக்கிற எல்லாப் பிள்ளையும் அழுவுது. ஆயா வந்து எங்கிட்ட நிக்குது. தொரை காதுல விழுந்தா எனக்குத்தான் ஏச்சு. தூங்க வச்சா எல்லாருக்கும் நிம்மதி லா."

எல்லாருக்கும் நிம்மதி. அந்த எல்லாருக்குள் கலைவாணி இல்லை.

மறுபடி போனபோது, மருந்து கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தோம். அம்மா தனலெட்சுமி வெட்டு முடித்துப் பால் வாளியோடு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. புருஷன் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வார விடுமுறையில்தான் வீடு.

புவான் சலேஹா வெந்நீர் கேட்டுக் கையைச் சூடாக்கிக்கொண்டார். தனலெட்சுமியையே துணி மாற்றச் சொன்னார். அவள் கலைவாணியின் இடது காலைச் சட்டென்று தூக்கினாள். வலது காலுக்கு வந்ததும் அவள் கை அப்படியே தயங்கியது. கால் விரிந்த அந்தக் கணத்தில் பிள்ளை போட்ட சத்தத்தில் தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொண்டன.

"இப்படித்தான் மிஸ்ஸி எப்பவும்" என்றாள் தனலெட்சுமி, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

புவான் சலேஹா தரையில் உட்கார்ந்து, கலைவாணியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "இவளிடம் கேள்" என்றார் என்னிடம்.

"பேச வராதாமே" என்றேன்.

"பேச்சு வராது. பதிலும் வராதென்று யார் சொன்னது? அம்மாவிடம் கேள்."

கேட்டேன். தனலெட்சுமிக்கு அந்தக் கேள்வியே வியப்பாக இருந்தது. "ஆமான்னா மேல பாப்பா. இல்லன்னா கண்ண மூடிக்குவா. வீட்ல எல்லாருக்கும் தெரியுமே."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் மருத்துவமனை டாக்டரின் கிளினிக்குக்கு எத்தனை முறை தூக்கிப் போயிருக்கிறாள், ஒருவரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை.

"உம் பேரு கலைவாணியா?" என்றேன். கண் மேலே போனது. "உம் பேரு மாரியம்மாவா?" கண்ணை இறுக்கி மூடி, வாயைக் கோணினாள். அது சிரிப்பு என்று தனலெட்சுமி சொன்னாள். தலை வலிக்குதா? மூடினாள். வயிறு? மூடினாள். முழங்கால்? கொஞ்சம் யோசித்து மூடினாள். நான் அவள் வலது தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில், தொட்டும் தொடாமலும் கையை வைத்து, "இங்க வலிக்குதாம்மா?" என்றேன்.

கண் மேலே போனது. மேலேயே நின்றது. இறக்கவே இல்லை. நான் பார்த்துவிட்டேன், புரிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் இறக்கவில்லை. அவள் கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது.

தனலெட்சுமி மகளின் காதைக் கையால் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"குளிப்பாட்டும்போதெல்லாம் கத்துவா மிஸ்ஸி. பிடிவாதம்னாங்க. டிரெசர் சொன்னாரு, ஆயா சொன்னிச்சி. டாக்டரும், செல்லம் குடுத்துக் கெடுக்காதேன்னாரு. ரெண்டு போட்டா அடங்கிரும்னாங்க." நிறுத்தினாள். "போட்டிருக்கேன் மிஸ்ஸி. தொடையிலேயே போட்டிருக்கேன்."

நான் அதை மலாயில் சொன்னேன். புவான் சலேஹா எழுந்து வெளியே போய்க் குழாயடியில் கையைக் கழுவினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "இவள் மேல் தப்பில்லை என்று சொல். அடிக்கச் சொன்னவர்கள் யாரும் இதை நினைத்து ஒரு நாள்கூட அழப் போவதில்லை என்றும் சொல்" என்றார். முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாவது பாதியை அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் எக்ஸ்ரே. அதை எங்கள் மருத்துவமனை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். அவர் தமிழர். ஆனால் எங்களிடம் ஆங்கிலம் பேசுவார், தனலெட்சுமி மாதிரி ஆட்களிடம் மலாய் பேசுவார். அவர் வாயிலிருந்து தமிழ் வந்து நான் கேட்டதில்லை.

"இது நடக்கப் போகிற பிள்ளை இல்லையே. படம் எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார்.

"நடப்பதற்காகக் கேட்கவில்லை டாக்டர். வலிக்கிறது, அதனால் கேட்கிறேன்" என்றார் புவான் சலேஹா.

"மூளை பாதித்த பிள்ளைகள் எரிச்சலாகத்தான் இருக்கும். தூக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டலாம்."

"வலது காலை விரித்தால் மட்டும் வருகிற எரிச்சலா?"

அவர் பேனாவை மூடினார். "உங்கள் வேலை பயிற்சி கொடுப்பது. அதைச் செய்யுங்கள்."

புவான் சலேஹா வாதாடவில்லை. அடுத்த கிளினிக் நாளில் மறுபடி கேட்டார். அதற்கடுத்த கிளினிக்கிலும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே மெதுவான குரல், ஒவ்வொரு தடவையும் அதே பதில். மாதங்கள் ஓடின. இதற்காகத் தனலெட்சுமி ஒவ்வொரு முறையும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கெஞ்சி லீவு வாங்க வேண்டும். "அந்தப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்று அந்த ஆள் கேட்பானாம். பள்ளம் மேடான தோட்டத்துப் பாதையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நடப்பாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிள்ளை அலறும். பேருந்தில் ஆட்கள் முறைப்பார்கள்.

பிறகு அந்த டாக்டர் விடுமுறையில் போனார். அவருக்குப் பதிலாக ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். புவான் சலேஹா விஷயத்தைச் சொன்னார். அவர் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அத்தனை மாதக் கெஞ்சலும் ஒரு கிறுக்கலில் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போலிருந்தது.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வலது தொடையெலும்பின் உருண்டை, அது இருக்க வேண்டிய கிண்ணத்தில் இல்லை. வெளியே வந்து, மேலே ஏறி, தேய்ந்து தட்டையாகிப் போயிருந்தது. துணி மாற்றும்போதும் குளிப்பாட்டும்போதும் எலும்பு எலும்பில் உரசியிருக்கிறது. வருடக்கணக்காக.

பெரிய மருத்துவமனையின் எலும்பு நிபுணர் எங்களிடம் ஒளிக்காமல் பேசினார். விறைத்த தசை கொஞ்சம் கொஞ்சமாக எலும்பை வெளியே இழுத்திருக்கிறது. சின்ன வயதில் படம் எடுத்துப் பார்த்துத் தசைநாரைத் தளர்த்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்போது உருண்டையைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது. அதை வெட்டி எடுத்துவிட்டால் உரசல் நிற்கும், வலி குறையும். அதற்கும் வரிசை இருக்கிறது, காத்திருக்க வேண்டும்.

காத்திருந்த காலத்தில் நாங்கள் செய்ததை எழுதுகிறேன், இளையவர்களுக்கு உதவும். காலை இழுத்து நீட்டும் பயிற்சியை அடியோடு நிறுத்தினோம். அதுவரை இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சிகிச்சை என்று எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனையில் தூக்கிப்போட்ட மெத்தையிலிருந்து புவான் சலேஹா பஞ்சை ஆப்பு மாதிரி வெட்டினார், நான் உறை தைத்தேன். படுக்கும்போது அதை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்தோம். பலகையில் ஒரு மூலை நாற்காலி செய்து, இடுப்பு சாயாமல் உட்கார வைத்தோம். துணி மாற்றும்போது காலைப் பிடித்துத் தூக்காமல், உடம்பையே ஒரு பக்கமாக உருட்டி மாற்றத் தனலெட்சுமிக்குச் சொல்லிக் கொடுத்தோம். குளிப்பதற்கு முன்னால் வலி மருந்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். அழுத பிறகு மருந்து கொடுப்பதில் பயனில்லை, அழுமுன் கொடுக்க வேண்டும் என்பார் புவான் சலேஹா. டிரெசர் முதலில் மாட்டேன் என்றார், மேலே இருந்து உத்தரவு வர வேண்டுமாம். பிறகு ஒரு நாள் தனலெட்சுமி குளிப்பாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தூக்க மருந்தை நிறுத்திவிட்டு வலி மருந்தைக் கொடுத்தார்.

வலி போகவில்லை, குறைந்தது. தூக்க மருந்தின் மயக்கம் தெளிந்ததும், தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெண் அங்கே இருந்தாள். பக்கத்து வீட்டுச் சண்டைக்கெல்லாம் வாயைக் கோணிச் சிரிப்பாளாம்.

அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, கட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கொடுத்தார்கள், மறுபடி அனுப்பினார்கள். நடக்க வாய்ப்புள்ள பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் என்று வார்டில் ஒருவர் விளக்கம் சொன்னார். புவான் சலேஹா அன்றைக்கு மட்டும் குரலை உயர்த்தினார். "வலி இல்லாமல் இருக்க ஒரு பிள்ளை நடந்து காட்ட வேண்டுமா?" என்றார். அந்த மனிதர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அந்தக் கேள்வியை வேலையில் இருந்தவரை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். 

கடைசியில் செய்தார்கள். எலும்பு மேலே ஏறாமலிருக்கக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள், பல வாரம் அப்படியே கிடந்தாள். அந்த வாரங்கள் கொடுமையானவை. தவறு செய்துவிட்டோமோ என்று தனலெட்சுமி அழுதாள். புண் ஆறி, வீக்கம் வற்றி, மெல்ல மெல்ல அந்தச் சத்தம் நின்றது. ஒரு நாள் தோட்டத்துக்குப் போனபோது தனலெட்சுமி லயத்து வாசலில் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொடைக்கு நடுவில் சோப்புப் போட்டாள். கலைவாணி தண்ணீர் கண்ணில் விழுந்ததற்காகக் கோபித்துக்கொண்டாள். வேறொன்றுக்கும் இல்லை.

கலைவாணி பதினெட்டு வயது வரை இருந்தாள். நெஞ்சுச் சளியில் போனாள். கடைசி வருடங்களில் இடது இடுப்பும் கொஞ்சம் தொந்தரவு கொடுத்தது, ஆனால் அதை உடனே பார்த்தோம். அந்த வருடங்களில் அவள் நிறையச் சிரித்தாள் என்று தனலெட்சுமி என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதுவே போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தைய வருடங்களை யார் திருப்பித் தருவது?

நான் கடைசியாகச் சொல்ல நினைப்பது அறுவை சிகிச்சை முடிந்த சில மாதத்தில் நடந்தது. எங்கள் மருத்துவமனையில் மறுபார்வை. எக்ஸ்ரே எழுதித் தர மறுத்த அதே டாக்டர். தனலெட்சுமி மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். அவர் பெரிய மருத்துவமனையிலிருந்து வந்த தாள்களைப் புரட்டினார்.

"நல்லது. இப்போது அமைதியாகிவிட்டாள்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். தனலெட்சுமியிடம் மலாயில், "சரி, போகலாம்" என்றார்.

தனலெட்சுமி எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், எம்மவகிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றாள் தமிழில்.

அவர் புரியாதவர் போல என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

"உங்களுக்குத் தமிழ் தெரியும்னு எனக்குத் தெரியும் டாக்டர். இத்தன வருசம் தூக்கிட்டு வந்தேன். எங்கிட்ட பேசினீங்க, மிஸ்ஸிகிட்ட பேசினீங்க. இவகிட்ட ஒரு தடவகூட பேசல. கேளுங்க, போயிடுறோம்." குரலில் சூடு இல்லை. ஆனால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வெளியே வரிசை காத்திருந்தது. தாதி கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டு மூடினாள்.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"இப்ப வலிக்குதா?" என்றார். சுத்தமான தமிழ்.

கலைவாணி அவரைப் பார்த்தாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே போகவில்லை. மூடவும் இல்லை. அவரை நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். பிறகு முகத்தை மெதுவாகத் திருப்பி அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அட்டையில் "பதில் இல்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.